மலைப்பாதையும் மனிதரும்

மேனாட்டார் எழுதும் பயண நூல்களில் இலையுதிர் காலத்துக்குத் தனியிடம் உண்டு. மரங்கள் செந்நிறம் பூணும் அந்நாட்களில் மோட்டார் சைக்கிளில் மலைத்தெருக்களைச் சுற்றிவருவது அவர்களுக்குப் பெருவிருப்பு. நமது நாட்டில் இலையுதிர் காலம் என்று ஒன்று இல்லை. ஆனால் ஐப்பசி உண்டு. கச்சான் ஓய்ந்து, வாடை இன்னும் வலுக்காத இடைக்காலம் அது. காலையில் வெயில் தெளிந்திருக்கும்; பிற்பகலில் இடிமுழக்கத்துடன் மழை கொட்டும். ஊவா மலைகள் கழுவித் துடைத்தாற்போலத் துலங்குவது இக்காலத்திலேதான். அவை சரிவதும் இக்காலத்திலேதான்.

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தீபாவளிக்கு நான்கு நாட்கள் முன்னதாக, நண்பர் ஒருவருடன் இம்மலைகளை ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். நண்பர் புவியியல் ஆசிரியர். தோட்டத்து லயத்திலே பிறந்து வளர்ந்தவர். பண்டாரவளையில் புறப்பட்டு, அப்புத்தளை, பெரகலை, கொஸ்லாந்தை வழியே வெல்லவாய வரை இறங்கி, எல்ல வழியாக மீண்டும் ஏறி வருவது எங்கள் திட்டம். நூறு கிலோமீற்றர்கூட ஆகாத பயணம்; எனினும் குளிர்மலையிலிருந்து சுடுசமவெளிக்கு இறங்கி மறுபடியும் குளிருக்குத் திரும்பும் பயணம்.

புகைவண்டியிலோ பஸ்ஸிலோ செல்பவனுக்கு மலை ஒரு காட்சி. மோட்டார் சைக்கிளில் செல்பவனுக்கோ அது உடம்பின் அனுபவம். அப்புத்தளையில் மலைமுகடு கத்தி முனைபோல் ஒடுங்குகிறது. ஒரு பக்கத்துப் பள்ளத்தாக்கின் பனி முகத்தில் அறைந்துகொண்டிருக்கும்போதே, மறுபக்கத்தில் தென்சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் நீலமாய் விரிகிறது. தொழிற்சாலையொன்றைக் கடக்கையில் கொழுந்து வாட்டும் மணம் காற்றில் வந்து நெஞ்சை நிறைக்கிறது. பெரகலைக்கு இறங்கும் வளைவுகளில் நண்பர் கியரைக் குறைத்தார். "மாஸ்டர், இறக்கத்திலே பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்" என்றார். அந்த வளைவுகளில் உடம்பைச் சாய்த்துச் செல்லும்போது ஏற்படும் இன்பத்தை நான் மறைக்க விரும்பவில்லை. உழைப்பாளியின் துயரைப் பேசுகிறவன் இயற்கையை ரசிக்கக்கூடாது என்று எவரும் விதி வகுக்கவில்லை.

ஆனால் இத்தெரு தானாக முளைத்ததன்று. மலைநாட்டின் ஆரம்பகாலத் தெருக்களை வெட்டியவர்கள் இராஜகாரியம் என்ற பெயரில் கூலியின்றி வேலை வாங்கப்பட்ட சிங்களக் குடியானவர்கள். அம்முறை 1832இல் ஒழிக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரித்து நிரூபிக்கப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாக்கிற்று. கோப்பித் துரைமாருக்கு அவை மலிவாகக் கைமாறின. பின்னர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை கால்நடையாக வந்த தென்னிந்தியத் தமிழர்களின் உழைப்பு தோட்டங்களை உருவாக்கியது. வழியில் பசியாலும் நோயாலும் மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. 1869இல் கோப்பிச் செடிகளில் நோய் பற்றியது, கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. பயிர் மாறிற்று; லயம் மாறவில்லை. நிலத்தை இழந்தவன் ஒரு மொழி பேசினான். அந்நிலத்தில் உழைக்கக் கொணரப்பட்டவன் இன்னொரு மொழி பேசினான். இருவரையும் ஒருவருக்கொருவர் பகைவராகக் காட்டுவது பிற்காலத்து அரசியலுக்கு வசதியாயிற்று.

கொஸ்லாந்தைக்கு அருகே சிறு கடையொன்றில் தேநீர் அருந்தினோம். கடையை நடத்திய அம்மா முன்னர் தோட்டத்திலே கொழுந்தெடுத்தவர். அவருடைய மகள் இப்பொழுதும் எடுக்கிறாள். அவ்வாண்டுதான் நாட்சம்பளத்தின் அடிப்படைத் தொகை 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. தீபாவளியைப் பற்றிக் கேட்டேன்.

"முற்பணம் கைக்கு வந்த அன்னைக்கே கடன்காரங்களுக்குப் போயிருச்சு சேர்," என்றார். பிறகு வெளியே பார்த்தார். மலையுச்சியில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. "மழை வந்தா ராவுல தூக்கம் வராது சேர். மலைப்பக்கம் காதை வச்சுக்கிட்டே கெடப்போம்."

நாங்கள் எதையும் கேளாமலே அவர் இதைச் சொன்னார். கேட்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அக்கடைக்கு மேலேயுள்ள மலைச்சரிவின் பெயர் மீரியபெத்தை.

2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலை. தீபாவளி முடிந்து சரியாக ஒரு வாரம். வேலை நாள் தொடங்கும் நேரம். மலையின் ஒரு பகுதி பெயர்ந்து வந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் தப்பினர்; அவர்கள் திரும்பிவர வீடும் இல்லை, வீட்டில் ஆளும் இல்லை. பலருடைய உடல்கள் இன்றுவரை அம்மண்ணிலேயே இருக்கின்றன. நாங்கள் பிரதான தெருவைவிட்டுத் தோட்டப்பாதையில் சிறிது தூரம் ஏறிப் பார்த்தோம். பத்தாண்டுகளில் புல்லும் புதரும் மண்டிவிட்டன. விபரம் அறியாத பயணி ஒருவன் அவ்விடத்தை அழகிய பசுஞ்சரிவு என்றே படமெடுத்துச் செல்வான்.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் வகுப்பறையில் விளக்குவதுபோல மெதுவாகச் சொன்னார்: காடு அழிந்த செங்குத்துச் சரிவில் வேரின் பிடிப்பு தளர்கிறது, நீர் வடியவேண்டிய கான்கள் பராமரிப்பின்றித் தூர்ந்தால் மழைநீர் மண்ணுக்குள் இறங்குகிறது, நனைந்த மண் தன் பாரத்தைத் தானே தாங்காமல் வழுக்குகிறது. இது இயற்கையின் விதி. ஆனால் அச்சரிவின் அடியில் மனிதரைக் குடியிருத்தியது இயற்கையன்று. அவ்விடம் ஆபத்தானது என்று முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கேட்டவன் எங்கே போவான்? போவதற்கு ஒருவனுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வேண்டும். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை அவ்விலங்கு முற்றாக அறுபடவில்லை. குடியுரிமை கிடைத்த பின்னும் காணியுரிமை வரவில்லை. லயக்காம்பரா தோட்டத்தினுடையது, மலை தோட்டத்தினுடையது, மலை சரிந்தால் அந்த மண் மட்டும் தொழிலாளிக்குச் சொந்தமாகிறது.

மழைக்கு முன்னே இறங்கிவிட்டோம். 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும அருவியின் முன் உல்லாசப் பயணிகள் குழுமியிருந்தனர். வெல்லவாயவின் வெப்பத்தில் உடை உலர்ந்தது. எல்லவுக்கு ஏறுகையில் மீண்டும் நனைந்தது. பிற்பகல் முழுதும் அழகுக்குக் குறைவில்லை. ஆயினும் ஒவ்வொரு பசுஞ்சரிவின் அடியிலும் லயக்கூரையைத் தேடும்படி என் கண்கள் பழகிவிட்டன.

ஓராண்டின் பின், 2025 நவம்பர் இறுதியில், 'டித்வா' சூறாவளியின்போது மலைநாட்டில் பல இடங்களில் மண் சரிந்தது. நாடெங்கும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அந்த அம்மா காதைத் தீட்டிக்கொண்டு விழித்திருந்தது வீண் அச்சத்தால் அல்ல என்பதை மலை மறுபடியும் நிரூபித்தது.

ஆசிரியராயும் மாணவராயும் இருக்கும் நம்மில் பலர் ஆண்டுதோறும் மலைநாட்டுக்குச் சுற்றுலாச் செல்கிறோம். செல்லத்தான் வேண்டும். ஆனால் அருவியின் உயரத்தைக் குறித்துக்கொள்ளும் மாணவன், அதனருகே வாழ்பவனுக்கு எத்தனை பேர்ச் காணி உண்டு என்பதையும் குறித்துக்கொள்ளட்டும். தேயிலை எந்த உயரத்தில் விளைகிறது என்று கற்பிக்கும் ஆசிரியர், அதைப் பறிப்பவள் மழையிரவில் ஏன் உறங்குவதில்லை என்பதையும் கற்பிக்கட்டும். மலைகளின் எழில் பொதுச்சொத்து. அவற்றின் ஆபத்து மட்டும் ஒரு வர்க்கத்தின் தனிச்சொத்தாய் இருப்பது நியாயமன்று. பாதுகாப்பான நிலத்தில் ஒரு வீடும் அந்நிலத்துக்கு ஓர் உறுதியும் கேட்பது சலுகை வேண்டுதல் அல்ல. இந்த மலைகளைச் செய்தவர்கள், தம் கையால் செய்ததில் ஒரு சிறு பங்கைக் கேட்கிறார்கள், அவ்வளவே.