கரண்ட் இல்லாவிட்டாலும் திறக்க வேண்டும்

இரவானால் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக் கதவுகளை அடைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். பாத்திரங்களை மூடுவதையும் விளக்கை அணைப்பதையும் அதனோடு சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். கதவடைப்பது வீட்டாரைக் காக்கும் பொறுப்பில் ஒரு பகுதி. ஆகவே, வீட்டுக்கு எப்படிப்பட்ட கதவு போடலாம் என்று ஒரு பெண் கேட்டால், "அது மேசன்மாரின் வேலை" என்று ஒரு மௌலவி ஒதுங்கிவிட முடியாது.

என்னிடம் அப்படிக் கேட்டவர் என் மூத்த சகோதரி. யாழ்ப்பாணம் சோனகத் தெருவுக்குத் திரும்பி வந்து வீடு கட்டியவர்களில் அவரும் ஒருவர். ஒழுங்கையை ஒட்டினாற்போல வான் நிறுத்த ஒரு கராஜ். ஒழுங்கையோ ஒடுக்கம். வெளிப்பக்கம் விரியும் இரட்டைக் கதவு போட்டால் போவோர் வருவோருக்கு இடைஞ்சல். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று படித்த நாம், நம் வீட்டுக் கதவையே தொல்லையாக்கலாமா? மேலே சுருண்டு ஏறும் றோலர் கதவே பொருத்தம் என்று முடிவாயிற்று. "உம்மா பாரம் தூக்கக் கூடாது, றிமோட்டில் வேலை செய்கிற மோட்டராகப் பூட்டுங்கோ" என்று வெளிநாட்டிலிருந்து மகன் பணமும் அனுப்பிவிட்டார்.

இந்த மோட்டர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று கராஜின் நடுவே மேலே தொங்குவது. அதிலிருந்து கதவு வரை ஒரு நீண்ட தண்டவாளம் ஓடும். பலகை பலகையாக மடிந்து மேலே போகும் கதவுகளுக்கே அது உதவும். மற்றது கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருப்பது. கதவுக்கு மேலே குறுக்காக இருக்கும் தண்டின் நுனியைப் பிடித்து அதையே சுழற்றும். சகோதரியின் கராஜுக்கு ஓட்டுக் கூரை. எதையும் தொங்கவிட மேலே கொங்கிறீற் தட்டு இல்லை. றோலர் கதவுக்கும் சுவர் மோட்டரே சரி. ஆனால் அதை வெறும் சீமெந்துக் கல்லில் பூட்டினால் நாளடைவில் அதிர்ந்து கழன்றுவிடும். கொங்கிறீற் தூணில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

முதலில் போன கடையில் வேகம், சத்தமின்மை, றிமோட் எட்டும் தூரம் எல்லாவற்றையும் விளக்கினார்கள். சகோதரி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"கரண்ட் இல்லாத நேரம் நானும் உம்மாவும் மட்டும் உள்ளே இருந்தால், இதை எப்படித் திறக்கிறது?"

"எங்களுக்கு ஒரு கோல் எடுங்கோ, வந்து திறந்து தருவோம்" என்றார் கடைக்காரர். சகோதரி எழுந்துவிட்டார்.

அந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும். 2022 மார்ச் 31ஆம் திகதி நம் நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முன் போர்க் காலத்தில் குடாநாடு வருடக்கணக்காக இருளில் கிடந்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு ஊரை விட்டு வெளியேற இரண்டு மணித்தியாலமே கொடுக்கப்பட்டது. நான் அப்போது சிறுவன். உம்மா வீட்டைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். புத்தளத்து ஓலைக் கொட்டிலில் அந்தச் சாவி வருடக்கணக்காக ஓர் ஆணியில் தொங்கியது. திரும்பி வந்து பார்த்தபோது சாவி இருந்தது. அதற்குரிய கதவு இல்லை. நிலையும் யன்னலும் கூரையும்கூட இல்லை. அதிலிருந்து எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒன்று மட்டும் தெளிவு: திறப்பதும் அடைப்பதும் வீட்டில் இருப்பவரின் கையில் இருந்தால்தான் அது கதவு.

இரண்டாவது இடத்தில் காட்டிய சுவர் மோட்டரில் கைச்சங்கிலி இருந்தது. மெயின் சுவிச்சை அணைக்கச் சொல்லிவிட்டு, சகோதரியே சங்கிலியை இழுத்துப் பார்த்தார். மெதுவாகத்தான் ஏறியது, ஆனாலும் ஏறியது. அதன் பிறகே விலை பேசினோம்.

சகோதரிகளே, நீங்களும் காசு கொடுக்கும் முன் கரண்ட்டை நிறுத்தச் சொல்லி உங்கள் கையாலேயே திறந்து பாருங்கள். பலகைக் கதவானால் மோட்டரை விடுவிக்க ஒரு கயிறு இருக்கும். கதவு மேலே நிற்கும்போது அதை இழுக்காதீர்கள். ஸ்பிரிங் பழுதாயிருந்தால் கதவு தலையில் விழும். விடுவித்த கதவைக் கையால் பாதி உயர்த்தி விட்டால் அது அப்படியே நிற்க வேண்டும். விழுந்தால் முதலில் ஸ்பிரிங்கைச் சரிசெய்யுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னொன்றும் அவசியம். அமெரிக்காவில் தானாக இறங்கும் கதவுகளின் கீழ் அகப்பட்டுக் குழந்தைகள் இறந்ததால், 1990இல் அங்கே சட்டம் வந்தது. 1993 முதல் செய்யப்படும் வீட்டுக் கராஜ் மோட்டர்களுக்குக் கூடுதல் பாதுகாப்புக் கட்டாயமானது. தரையிலிருந்து சுமார் 15 சென்ரிமீற்றர் உயரத்தில் இருபக்கமும் வைக்கும் சிறு ஒளிக் கண்கள் அதற்காகத்தான். கதவு இறங்கும்போது குறுக்கே குழந்தை வந்தால் கதவு நின்று திரும்பி மேலே போகும். அவை இல்லாத மோட்டர் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். றிமோட்டைப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்கவும் வேண்டாம். கராஜிலிருந்து வெளியே போக வேறு ஒரு சிறு கதவும் இருப்பது நல்லது. நம் ஊர் உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்; சங்கிலியை அடிக்கடி துடைத்து எண்ணெய் பூசுங்கள்.

இவ்வளவு யோசிப்பது தவக்குலுக்கு மாற்றமா என்று ஒருவர் கேட்டார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்பு வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. சங்கிலியைச் சரிபார்ப்பது நம் வேலை. பாதுகாப்பது அவன் வேலை.

வீடுகளை அமைதி பெறும் இடங்களாக ஆக்கித் தந்த அல்லாஹ், சாவியை மட்டும் வைத்துக்கொண்டு இன்னும் தூரத்தில் இருக்கும் நம் உறவுகளுக்கும் சொந்தக் கதவைத் திறக்கும் நாளைத் தருவானாக. ஆமீன்.