சாம்பலும் வேட்டித் துண்டும்

போன ஆடி மாதம் தம்பி ரொறன்ரோவிலிருந்து பிள்ளைகளோடு வந்து வட்டக்கச்சி வீட்டில் ஒரு மாதம் நின்றான். வந்த மூன்றாம் நாளே கிளிநொச்சிக்குப் போய், வெல்டிங் கடையொன்றில் பழைய இரும்புப் பீப்பாயை நெடுக்காகப் பிளப்பித்து, நாலு கால் வைப்பித்து, மேலே கம்பித் தட்டும் போடுவித்து, லான்ட்மாஸ்ரரில் ஏற்றிக்கொண்டு வந்து வேம்புக்குக் கீழே இறக்கினான்.

"இதென்னடா, போறணையோ?" என்று அம்மா கேட்டா.

"பார்பிகியூ அம்மா. கிறில்."

அம்மா அதைச் சுற்றி ஒருக்கால் நடந்து பார்த்துவிட்டு, "அடுப்புத்தானே" என்று உள்ளே போய்விட்டா.

அடுப்புத்தான். ஆனால் முல்லைத்தீவுப் பாரை மீனைப் பாலை விறகுத் தணலில் வாட்டித் தின்றால் தெரியும், ஏன் அவன் போன பிறகும் நாங்கள் அதை விடவில்லை என்று. ஞாயிற்றுக்கிழமை என்றால் பிள்ளைகள் சிரட்டை பொறுக்கத் தொடங்கிவிடுவார்கள். தின்னும்வரைக்கும் எல்லோரும் நிற்பார்கள். விடிந்தால் பீப்பாயின் அடியில் கிடக்கிற சாம்பல் எனக்கு.

குசினி அடுப்பென்றால் அகப்பையால் வழித்துத் தகரத்தில் போட்டுவிடலாம். இது வளைந்த அடி, கம்பித் தட்டின் கீழே கை நுழையாது. போதாததற்குச் சோளகம். வைகாசியில் தொடங்கினால் புரட்டாதி வரைக்கும் விடாத காற்று. மண்வெட்டியை வைத்த உடனே சாம்பல் எழும்பி, கொடியில் காயும் உடுப்பில் போய் இருக்கும்.

அப்போதுதான் அலுமாரிக்கு மேலே கிடந்த தூசு உறிஞ்சும் மெசின் ஞாபகம் வந்தது. லண்டன் மச்சாள் ஒரு தடவை வந்தபோது விட்டுப் போனது. லண்டன் மின்சாரமும் எங்களதும் ஒன்று, 230 வோல்ட், செருகியதும் பாடியது. குழாயைப் பீப்பாய்க்குள் விட்டேன். சாம்பல் மாயமாய் மறைந்தது. இவ்வளவு நாளும் ஏன் இதை யோசிக்கவில்லை என்று என்னையே நொந்துகொண்டு திரும்பினால், முற்றம் வெள்ளை. மெசினின் பின்வாசலால் மாவு இடிக்கிற இடம் மாதிரிப் புகைந்துகொண்டிருந்தது. திண்ணையில் இருந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.

"முன்னாலை குடிச்சுப் பின்னாலை துப்புதடா."

இதைவிடச் சரியாக அந்த மெசினின் நோயை யாரும் சொல்ல முடியாது. இரவு தம்பிக்கு அழைத்தேன். "அண்ணை, வீட்டுத் தூசிக்கு உள்ளதைச் சாம்பலுக்குப் போட்டால் உப்பிடித்தான்" என்றான். அங்கே சாம்பலுக்கென்றே இரும்புத் தொட்டியும் இரும்புக் குழாயும் வைத்து மெசின் விற்கிறார்களாம். "அனுப்பட்டோ?" என்றான். அங்கத்தைய கறன்ட் 120 வோல்ட். இங்கே அப்படியே செருகினால் அது உறிஞ்சுகிற முதல் தூசி தன்னுடைய மோட்டரின் புகையாகத்தான் இருக்கும். வேண்டாம் என்றேன்.

ஆனால் விஷயம் மனதைவிட்டுப் போகவில்லை. கடைக்காரர்கள் மெசினைக் காட்டும்போது எத்தனை வாட் என்றுதான் பெருமை பேசுகிறார்கள். இழுவை ஒரு வித்தையே இல்லை. விசிறி ஒன்று போதும். இழுத்ததைத் திரும்ப வெளியே விடாமல் வைத்திருப்பதில்தான் சங்கதி. இந்த மெசினின் கதையே ஒரு கைக்குட்டையில்தான் தொடங்குகிறது. 1901 அளவில் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியியலாளர், தூசியை ஊதித் தள்ளும் கருவியொன்றைப் பார்த்துவிட்டு, ஏன் உறிஞ்சக் கூடாது என்று கேட்டாராம். பிறகு ஒரு சாப்பாட்டுக் கடையில் கதிரையின் மெத்தையில் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து இழுத்துப் பார்த்தார். புரைக்கேறி இருமினார். ஆனால் கைக்குட்டையின் மறுபக்கத்தில் அழுக்கு வட்டமாய் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மெசின் செய்யத் துணிந்தார்.

துணியின் இழைகளுக்கு நடுவே உள்ள ஓட்டைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வீட்டுத் தூசியில் மயிரும் பஞ்சும் மணலும் உண்டு. சாதாரணப் பை பிடித்துவிடும். விறகுச் சாம்பல் அப்படியல்ல. தலைமயிரின் பருமன் எழுபது மைக்ரோன் அளவு என்றால், சாம்பலில் ஒரு மைக்ரோனுக்கும் குறைந்த துகளும் கிடக்கும். அதைத் தடுக்க ஹெப்பா என்று ஒரு பில்டர் இருக்கிறது. 1940களில் அமெரிக்கர் அணுகுண்டு செய்த இடங்களில் கதிரியக்கத் தூசியைப் பிடிப்பதற்காகப் பிறந்தது. 0.3 மைக்ரோன் துகள்களில் 99.97 வீதத்தை நிறுத்தினால்தான் அந்தப் பெயர். ஏன் 0.3? அதைவிடப் பெரியது நேரே போய் இழையில் முட்டி நிற்கும். அதைவிடச் சிறியது காற்றின் மூலக்கூறுகள் இடிக்க இடிக்க வெறிகாரன் மாதிரித் தள்ளாடி, எங்காவது ஒரு இழையில் ஒட்டும். நடுத்தரக்காரன்தான் இரண்டிலும் தப்பி நழுவுவான். அவனைப் பிடித்தால் மற்றவர்களையும் பிடித்த மாதிரி.

அதற்காக ஹெப்பாவை மட்டும் வாங்கிப் போட்டாலும் காரியமில்லை. பார்பிகியூச் சாம்பல் அதன் மடிப்புகளைச் சில நிமிடத்தில் அடைத்துவிடும். மூச்சு முட்டி மோட்டர் சுடும். மீன் நெய் சொட்டிய சாம்பல் என்றால் இன்னும் மோசம், பசை. முதலில் ஒரு தகரம் வேண்டும், பிறகு தட்டிக் கழுவக்கூடிய ஒரு துணி, கடைசியில்தான் ஹெப்பா.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா இடையில் கேட்டா: "உந்தப் பில்டர் வேட்டித் துண்டுதானே?"

எனக்கு அப்பாச்சியின் சாம்பல் சலிப்பு ஞாபகம் வந்தது. எரு வரட்டியை உமியில் மூடி நீறாக்கி, பானை வாயில் பழைய வேட்டித் துண்டை இறுகக் கட்டி, மேலே போட்டு விரலால் மெல்லத் தேய்ப்பா. துணியில் தங்குவது கழிவு, கீழே இறங்குவது திருநீறு. எது துணியைத் தாண்டிப் போகவேண்டும் என்று அப்பாச்சி பார்த்துக்கொண்டு இருந்தாவோ, அதைத் தாண்டவிடாமல் மறிப்பதற்குத்தான் உலகம் இவ்வளவு பாடுபட்டிருக்கிறது.

சூட்டைப் பற்றியும் அம்மாவுக்குப் பாடம் தேவைப்படவில்லை. தீப்பெட்டி அருமையாய் இருந்த தொண்ணூறுகளில் இரவில் பாலைக் கட்டைத் தணலைச் சாம்பலால் மூடி வைப்பா. விடிய ஊதினால் சிவக்கும். நீறு பூத்த நெருப்பு என்று பேச்சில் சொல்கிறவர்கள் பலர் அதைக் கண்ணால் கண்டதில்லை. அதை மெசின் இழுத்தால், போகிற வழியெல்லாம் காற்று ஊதிக்கொண்டே போகும். உள்ளே இருப்பது கடதாசிப் பை, பிளாஸ்ரிக் வாளி. அதனால் எங்கள் வீட்டுச் சட்டம், ஞாயிறு சுட்டால் செவ்வாய்க்கு முதல் மெசினைத் தொடக் கூடாது. தொட முதல் புறங்கையைச் சாம்பலுக்கு மேலே பிடித்துப் பார்க்க வேண்டும்.

கடைசியில் பீப்பாய் பிளந்த அதே வெல்டிங் கடைத் தம்பியிடமே போனேன். மூடியுள்ள இரும்பு வாளியொன்றில் இரண்டு குழாய் ஒட்டித் தந்தான், ஒன்று பீப்பாய்க்கு, மற்றது மெசினுக்கு. அகன்ற வாளிக்குள் வந்ததும் காற்றின் வேகம் தணிய, கரித்துண்டும் பருஞ்சாம்பலும் அடியில் விழுந்துவிடுகின்றன. மிஞ்சிய பொடிக்கு மெசினுக்குள்ளே பில்டரின் மேல் இரண்டு மடிப்பு வேட்டித் துண்டு. முகத்துக்குக் கொரோனா காலத்து முகக்கவசம் ஒன்று.

ஒரு நாள் என் புத்தியைக் கேட்டு வாளிக்குள் அரைவாசி தண்ணீர் விட்டேன், சாம்பல் அதிலேயே அமுங்கட்டும் என்று. அமுங்கியது. கவிழ்த்த கை சவர்க்காரம் பூசிய மாதிரி வழுக்கி, பின்னேரம் விரலிடுக்கெல்லாம் எரிந்தது. சாம்பல் தண்ணீர் காரம். சவர்க்காரம் கிடையாத காலத்தில் நாங்கள் உடுப்பு ஊறவைத்ததும் அதில்தான். ஒரு காலத்தில் பக்கத்துப் பரந்தனில் ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடா செய்த தொழிற்சாலையே இருந்தது. அதன் சின்னத் தம்பி ஒருவனை என் வாளிக்குள் நானே பெற்றுவிட்டேன். வாளியின் ஒட்டில் துருவும் பிடித்தது. தண்ணீர் வேலை அன்றோடு சரி.

போன செவ்வாய் மெசினைத் திறந்து வேட்டித் துண்டைக் கழற்றினேன். வெள்ளை வெளேரென்று, தொட்டால் முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி. வேலியோரம் தட்டப் போன என்னை அம்மா மறித்தா.

"தட்டாதை. இஞ்சாலை கொண்டா." கையில் சுண்டு.

"குத்துவிளக்கு மினுக்கவோ அம்மா?"

"மீன் சுட்ட சாம்பலிலை விளக்கு மினுக்கிறதே? சட்டிக்கு."