வெட்டாத இறக்கை

"இறக்கைய வெட்டிருங்க மேடம், அப்பத்தான் பத்திரம்" என்றார் காக்டெயில் குஞ்சுகளைத் தந்த விருதுநகர்க் கடைக்காரர். 'பத்திரம்' எனக்குப் பழகிய சொல். வயதுக்கு வந்த நாளிலிருந்து அம்மா சொன்னது. நான் வெட்டவில்லை. கூண்டைத் திறக்கும்முன் மின்விசிறியை நிறுத்துகிறேன், ஜன்னலைச் சாத்துகிறேன். நான்ஸ்டிக் தோசைக்கல்லைத் தூக்கிப்போட்டாயிற்று. அது அளவுமீறிக் காய்ந்தால் எழும் புகை பறவையைக் கொன்றுவிடும். மாறவேண்டியது வீடுதானே?

ஆனால் வெடிச்சத்தத்தை என்ன செய்ய? இருட்டில் மிரண்டால் இவை கம்பியில் மோதி இறகு முறித்துக்கொள்ளும். அதனால் இரவெல்லாம் ஒரு சிறு விளக்கு எரிகிறது. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிக்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடிப்பதில்லை. இங்கே வெடிதான் சோறு. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியை இந்த மாவட்டத்தில் யார் மறந்தார்கள்?

போன மாதம் பகலில் தூரத்தில் ஒரு சத்தம். குஞ்சு கொண்டையை விறைத்துக்கொண்டு என் கழுத்தில் ஒண்டியது. நோட்ஸ் வாங்க வந்திருந்த மாணவி, பட்டாசு ஆலைக்குப் போயிருந்த அம்மாவுக்குப் போன் போட்டபடியே இருந்தாள். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். ஆறு மணிக்கு அம்மாவே கூப்பிட்டார்.

"எங்க ஆலை இல்லடி."