ஒசாகாவில் ஒரு பணியாரக் கல்

ஜப்பானியர்களிடம் ஒரு பழமொழி உண்டு. கியோட்டோக்காரன் உடுத்தியே ஓட்டாண்டி ஆவான், ஒசாகாக்காரன் தின்றே ஓட்டாண்டி ஆவான் என்று. அந்தத் தின்னி ஊரில்தான் என் மகன் பத்து வருடமாக வேலையில் இருக்கிறான். சென்ற ஆண்டு நவம்பர் கடைசியில் நானும் என் துணைவியாரும் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தோம். பார்த்ததையெல்லாம் எழுதினால் உங்களுக்கு அலுத்துவிடும். ஒரே ஒரு சனிக்கிழமையை மட்டும் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் வீட்டு விஷயம் ஒன்று. பேரனுக்கு எட்டு வயது. அங்கேயே பிறந்தவன். நாம் தமிழில் பேசினால் புரியும், பதில் மட்டும் ஜப்பானிய மொழியில் வரும். போன முதல் வாரமே மகன் சொல்லிவிட்டான்: "விடுங்கப்பா, அவனைத் தொந்தரவு பண்ணாதீங்க. அவனுக்குத் தமிழ் வராது." அன்றிரவு துணைவியார் தூங்கவில்லை. "இன்னும் ரெண்டு வருஷம் போனா போன்ல அவன்கிட்ட என்னங்க பேசறது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை முதலில் கோட்டைக்குப் போனோம். 1583இல் ஹிதெயோஷி என்ற தளபதி கட்டத் தொடங்கியது. போரில் ஒரு முறை அழிந்து, திரும்பக் கட்டியதும் இடி விழுந்து எரிந்து, இப்போது நிற்கும் கோபுரம் 1931இல் ஊர் மக்கள் கொடுத்த நன்கொடையில் எழுந்தது. வெளியே பார்த்தால் பழங்காலக் கோட்டை, உள்ளே சிமெண்ட் கட்டடம், லிஃப்ட்கூட இருக்கிறது. மூட்டுவலிக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். என்னை அசத்தியது கோபுரம் அல்ல, வாசல் மதிலில் உள்ள ஒற்றைக் கல். நூறு டன்னுக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கல்லின் ஓரத்தில் ஒரு கறை, ஆக்டோபஸ் மாதிரி. அதனால் அதற்கு 'தாக்கோ இஷி' என்று பெயர். தாக்கோ என்றால் நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்பார்களே, அது. இஷி என்றால் கல். பேரன்தான் விரலால் காட்டினான். "கல்" என்று நான் சொன்னேன். "இஷி" என்றான் அவன். அத்தோடு பேச்சு முடிந்தது.

அங்கிருந்து ரயிலில் ஷின்செக்காய். 'புது உலகம்' என்று அர்த்தமாம். ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்து நிமிர்ந்தால் எதிரே ஓர் இரும்புக் கோபுரம். பெயர் ட்சூட்டென்காக்கு. வானத்தைத் தொடும் கோபுரம். அதன் கதையை மகன் படித்துச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1912இல் இந்தப் பேட்டையை உருவாக்கியபோது ஒரு பாதியைப் பாரீஸ் மாதிரியும், மறு பாதியை அமெரிக்காவின் கோனி தீவு மாதிரியும் அமைத்தார்களாம். அடியில் பாரீஸின் வெற்றி வளைவு, அதன் தலையில் ஈஃபிள் கோபுரம். இரண்டையும் ஒட்டவைத்து 64 மீட்டர் உயரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். 1943இல் தீப்பிடித்தது. மிச்ச இரும்பு போருக்குப் போய்விட்டது. 1956இல் அக்கம்பக்கத்து வியாபாரிகளே முன்னின்று பணம் திரட்டி, 103 மீட்டரில் புதிதாக எழுப்பினார்கள். இப்போதுள்ளதில் வளைவு இல்லை.

எனக்கு ஏன் சிரிப்பு வந்தது என்று புதுவைக்காரர்களுக்குப் புரியும். நான் பள்ளியில் சேர்ந்தபோது 1954 தாண்டிவிட்டது, பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் எங்கள் வகுப்பில் எல்லாம் பிரெஞ்சுதான். சங்கராபரணி ஆறு எங்கே பிறக்கிறது என்று தெரியாது, சேன் ஆறு பாரீஸில் எப்படி வளைகிறது என்று பலகையில் வரைவேன். பள்ளிவிட்டு வந்தால் என் ஆயா தமிழில் கேட்பாள், எனக்குப் பிரெஞ்சு வார்த்தைதான் முதலில் வாயில் வரும். ஆயா கோபித்துக்கொள்ளவில்லை. பெரிய மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவாள். கேட்டதைத் தமிழில் கேட்டால் வாங்கித் தருவாள், அவ்வளவுதான். வேர்க்கடலை, பனங்கிழங்கு, கமர்கட்டு என்று என் தமிழ் முதலில் வயிற்றின் வழியாகத்தான் வந்தது. பிற்பாடு அரசாங்க எழுத்தராக முப்பத்தைந்து வருடம் கோப்பு எழுதியதெல்லாம் அதற்கு மேல் கட்டியதுதான்.

இந்த நினைப்போடு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு கறிக்கடை வாசலில் வரிசை நின்றது. உருளைக்கிழங்கை மசித்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்துக் கொடுக்கிறார்கள். பேரன் "கொரோக்கே!" என்று கத்தினான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குரோக்கேத்" என்றேன். பிரெஞ்சு வார்த்தை, வால் அறுந்து ஜப்பானுக்குப் போயிருக்கிறது! அவனுக்கு இது பெரிய விளையாட்டாகிவிட்டது. கிராத்தேன் அங்கே குராத்தான். பள்ளியிலிருந்து பெற்றோருக்கு வரும் கேள்வித்தாளுக்கு ஆன்கேட்டோ என்று பெயராம். எங்கள் அலுவலகத்துப் பழைய பிரெஞ்சுக் கோப்புகளில் ஆங்கேத் என்றால் விசாரணை, அதே சொல்! ஒவ்வொன்றுக்கும் அவன் "தமிழ்ல?" என்று கேட்க ஆரம்பித்தான். நான் கேட்கச் சொல்லவில்லை.

மதியம் குஷிக்கட்சு. இறைச்சி, மீன், வெங்காயம், தாமரைக்கிழங்கு என்று எதையும் குச்சியில் குத்தி, மாவில் தோய்த்துப் பொரிப்பது. மேசையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சட்டியில் சாஸ். ஒரு தடவைதான் தோய்க்கலாம், கடித்த பிறகு மறுபடி தோய்க்கக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு பல கடைகளில் சட்டிக்குப் பதில் பாட்டில் வந்துவிட்டது, நாங்கள் போன கடையில் சட்டிதான். துணைவியார் முகம் மலர்ந்துவிட்டது. "எச்சில் பாக்கறாங்க, பாத்தீங்களா!" என்றாள். 'எச்சில்' என்றால் என்ன என்று பேரன் கேட்டான். அதற்கு ஜப்பானிய மொழியில் சரியான சொல் மகனுக்கே கிடைக்கவில்லை. கடைசியில் பேரனே தன் குச்சியைக் கடித்துக் காட்டி, "இது எச்சில்" என்றான். வார்த்தையோடு வழக்கமும் புரிந்துவிட்டது.

துணைவியார் சைவம். அவளுக்கு அங்கே சாப்பாடு சிரமம்தான். காய்கறிக் குழம்பு என்று நினைத்தால் அதிலும் மீன் சாறு இருக்கும். அன்று அவளைக் காப்பாற்றியது சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அப்புறம் தாயாக்கி, மீன் வடிவ அச்சில் வார்த்த பணியாரம். உள்ளே கொழுக்கட்டைப் பூரணம் மாதிரி இனிப்புப் பயறு. முட்டை சேர்க்காத கடையாக விசாரித்து மகன் வாங்கிக் கொடுத்தான். "சைவ மீன்" என்று பேரனுக்குச் சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் டோட்டோன்போரி. 1615இல் வெட்டி முடித்த கால்வாய். இரு கரையிலும் கடைகள், காலை ஆட்டும் பிரம்மாண்ட நண்டு, கைகளைத் தூக்கி ஓடும் கிளிக்கோ மனிதன். 1935இல் முதலில் வைத்த விளம்பரமாம், இப்போதிருப்பது ஆறாவது. அந்த இரைச்சலிலிருந்து ஒரு சந்து திரும்பினால் ஹோசென்ஜி கோயில். அங்கே ஃபூடோ என்ற தெய்வம். நம் நாட்டிலிருந்து பௌத்தத்தோடு போன அசலன், அசையாதவன். வருகிறவர்கள் தண்ணீர் ஊற்றி ஊற்றி உடம்பு முழுக்கப் பாசி படர்ந்து பச்சையாக நிற்கிறார். துணைவியார் ஒரு கரண்டி மொண்டு ஊற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

இரவு கடைசியாகத் தாக்கோயாக்கி. இது ஒசாகாவிலேயே 1930களில் பிறந்த பண்டம். குழி குழியான இரும்புக் கல்லில் மாவை ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ஆக்டோபஸ் போட்டு, கூர்மையான கம்பியால் சர் சர்ரென்று திருப்பிப் போடுகிறார்கள். மேலே சாஸ், மயோனேஸ். அதன்மேல் தூவும் மீன் சீவல் சூட்டில் உயிருள்ளது போல ஆடும். வாங்கினால் நடந்துகொண்டே தின்பது அழகல்ல, கடையோரம் நின்று தின்ன வேண்டும். குப்பைத்தொட்டியும் லேசில் கிடைக்காது. காலி டப்பாவை நாங்கள் பையில்தான் வைத்துக்கொண்டோம்.

துணைவியார் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது நம்ம குழிப்பணியாரக் கல்லுங்க" என்றாள். பேரன் அவள் புடவையைப் பிடித்து இழுத்தான். "பாட்டி, பணியாரம் எப்படி செய்யறது?" முழுசாக, தமிழில். மகன் திரும்பிப் பார்த்தான். நான் வேண்டுமென்றே கால்வாய் பக்கம் பார்த்துக்கொண்டேன். இப்படிப்பட்ட நேரத்தில் பாராட்டினால் பிள்ளைகள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளும்.

ஒரே நாளில் அவன் தமிழ்ப் புலவன் ஆகிவிடவில்லை. இப்போதும் ஞாயிறு போனில் பாதி ஜப்பானியம்தான். ஆனால் என்ன சாப்பிட்டோம் என்று கேட்காமல் வைப்பதில்லை. பேர் தெரியாத பண்டமானால் கேமராவில் காட்டச் சொல்கிறான்.

அடுத்த மாதம் தெரிந்தவர் ஒருவர் ஒசாகா போகிறார். துணைவியார் அவரிடம் கொடுத்துவிட இரும்புப் பணியாரக் கல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். நல்ல கனம். "அந்த ஊர்ல வீட்டுக்கு வீடு தாக்கோயாக்கிக் கல் இருக்கே, இது எதுக்கும்மா?" என்றேன்.

"அதுல பேய்க்கணவாய் வெந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, கல்லுக்கு எண்ணெய் தடவப் போய்விட்டாள்.