22 நிமிடக் கணக்கு



மூன்று வாரமாக நிறையப் பேர் போன் செய்தீர்கள். எல்லோரிடமும் தனித்தனியாகப் பேச முடியவில்லை, மன்னிக்கவும். என் துணைவியார் இப்போது நலம். சிதம்பரத்தில் பத்து நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். சாம்பாரில் உப்பைக் குறைத்ததற்கு என்னைத்தான் திட்டுகிறார். பழைய குரல் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவு நடந்ததைப் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். ஆம்புலன்ஸ் தாமதம் என்று சிலர், வழி தெரியாத டிரைவர் என்று சிலர். அது சரியில்லை. தப்பு என்னுடையது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். உங்களில் பாதிப் பேருக்குச் சொந்த ஊரில் வயதான அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள் என்பதால், பொறுமையாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

ஐப்பசி மழை. இரவு 2 மணி 10 நிமிடம். "ஏங்க, நெஞ்சை என்னமோ அழுத்துது"ன்னு எழுப்பினார். உடம்பெல்லாம் வியர்வை, இடது தோள் வரை வலி. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வண்டியில் வந்தவர் கூப்பிட்டு அடையாளம் கேட்டார். பதற்றத்தில், "மெயின் ரோட்டுப் புளியமரத்துல திரும்பினா வந்துடலாம்" என்றேன். நாற்பது வருடமாக எல்லோருக்கும் அப்படித்தான் வழி சொல்லிப் பழக்கம். சாலையை அகலப்படுத்தும்போது அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவே இல்லை. அவர் வெளியூர்க்காரர். இல்லாத மரத்தை எங்கே தேடுவார்?

"சார், லொகேஷன் அனுப்பிடுங்க" என்றார். கட்டிலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டே, மற்றொரு கையால் வாட்ஸ்அப்பில் அழுத்தி அனுப்பினேன்.

2 மணி 41 நிமிடத்துக்குப் போன் வந்தது. "சார், வந்துட்டோம். வீட்டைக் காணோமே?" நான் வாசலுக்கு ஓடினேன். "நான் வாசல்லதான் நிக்கிறேன், வண்டியைக் காணோமே?" இப்படியே இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுப் பையன்தான் டார்ச்சோடு கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுக் கத்தினான். "தாத்தா, வண்டி வாய்க்காலுக்கு அந்தாண்ட நிக்குது!"

சிவப்பும் நீலமுமாக விளக்கு சுற்றுவது எனக்கு நன்றாகத் தெரிகிறது. நடுவில் கரை தொட்டு ஓடும் வாய்க்கால். வண்டி அந்தக் குறுகலான கரைச் சாலையில் பின்னாலேயே போய், மெயின் ரோடு ஏறி, பாலம் சுற்றி என் வாசலுக்கு வந்தபோது மணி 3:03.

22 நிமிடம்.

சிதம்பரத்தில் டாக்டர் குறை எதுவும் சொல்லவில்லை. "மாரடைப்பில் ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசைக்குக் கணக்குங்க சார்" என்று மட்டும் சொன்னார். அவர் இதயம் இப்போது முன்புபோல் முழு வேகத்தில் வேலை செய்யவில்லை. அதில் அந்த 22 நிமிடத்தின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நான் கணக்கு வாத்தியார். மனம் கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

இதில் வெட்கம் என்னவென்றால், ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு பத்தாம் வகுப்பில் ஜி.பி.எஸ். பற்றி ஒரு முழு பீரியட் எடுத்தவன் நான். அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும், நூலில் சாக்பீஸைக் கட்டிக் கரும்பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை. அதனால் அந்தப் பாடத்தை இன்னொரு முறை எடுக்கிறேன், இந்த முறை விட்டுப்போனதையும் சேர்த்து.

நீங்கள் புவனகிரியிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறீர்கள் என்று மட்டும் எனக்குத் தெரிந்தால், புவனகிரியை மையமாக வைத்து ஒரு வட்டம் போடலாம். நீங்கள் அந்தக் கோட்டில் எங்கேயும் இருக்கலாம். வடலூரிலிருந்து உள்ள தூரமும் தெரிந்தால் இரண்டாவது வட்டம். இரண்டும் இரண்டு இடங்களில் வெட்டும். காட்டுமன்னார்கோயிலிலிருந்து மூன்றாவது வட்டம் போட்டால் ஒரே புள்ளி மிஞ்சும். அது சேத்தியாத்தோப்பு. கோணம் எதுவும் அளக்கவில்லை, தூரம் மட்டும்தான்.

நம் நாட்டைப் பழைய காலத்தில் அளந்தது வேறு விதம். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். அதற்கே இரண்டு மாதம் ஆனது. பிறகு அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு, கோணங்களை மட்டும் அளந்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுக்க நகர்ந்தார்கள். "சைன், காஸ் எல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்டவர்களுக்கு நான் அப்போது சொன்ன பதில் அதுதான்.

ஜி.பி.எஸ்.ஸில் மையமாக இருப்பவை ஊர்கள் அல்ல, சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள். 24 இருந்தால் போதும், இப்போது முப்பதுக்கும் மேல் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த அலை ஒளியின் வேகத்தில், விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர், வந்து சேர ஒரு விநாடியில் 15-இல் ஒரு பங்கு ஆகும். கிளம்பிய நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வேகத்தால் பெருக்கினால் தூரம். ஏழாம் வகுப்புக் கணக்கு.

ஆனால் அந்த நேரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் பிசகும். அதனால்தான் செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். நம் செல்போனில் அது கிடையாது. மேலே கீழே, கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு என்று மூன்று, கூடவே நம் போன் கடிகாரத்தின் பிழை ஒன்று, ஆக நான்கு தெரியாத மதிப்புகள். நான்கு மதிப்புக்கு நான்கு சமன்பாடு வேண்டும் அல்லவா? அதனால் குறைந்தது நான்கு செயற்கைக்கோள் தெரிய வேண்டும்.

இன்னொரு ஆச்சரியம். ஐன்ஸ்டைன் சொன்னபடி அந்த உயரத்திலும் வேகத்திலும் கடிகாரம் பூமியில் இருப்பதைவிட ஒரு நாளைக்கு விநாடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு முந்துகிறது. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் பிழை சேர்ந்துவிடும்.

நம் இஸ்ரோ 'நாவிக்' என்று சொந்தமாக ஒன்று அமைத்திருக்கிறது. 2013 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் செயற்கைக்கோள், 2016 ஏப்ரலில் ஏழாவது. இந்தியாவையும் சுற்றி 1,500 கிலோமீட்டரையும் பார்த்துக்கொள்வதற்காக. அதற்கும் தலைவலி கொடுத்தது கடிகாரம்தான். வெளிநாட்டில் வாங்கி வைத்த அணுக் கடிகாரங்கள் பல பழுதாகிவிட்டன. 2023 மே மாதம் போன என்.வி.எஸ்.-01 செயற்கைக்கோளில் நம்மவர்களே செய்த ரூபிடியம் கடிகாரம் இருக்கிறது. 2025 ஜனவரியில் போன அடுத்தது, ராக்கெட் சரியாகக் கொண்டுவிட்டும், வால்வு திறக்காததால் உரிய பாதைக்கு ஏற முடியவில்லை. பெரிய பெரிய விஞ்ஞானிகளுக்கே சறுக்குகிறது என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொள்கிறேன்.

இதுவரை பழைய பாடம். விட்டுப்போனது இனிமேல்.

ஒன்று, செயற்கைக்கோளுக்கு நீங்கள் இருக்கும் இடம் தெரியாது. அது ரேடியோ நிலையம் மாதிரி, சொல்லிக்கொண்டே இருக்கும். போன் கேட்கும், அவ்வளவுதான். இடத்தைக் கணக்குப் போடுவது உங்கள் கையிலுள்ள போன். அதை இன்னொருவருக்குத் தெரிவிப்பது தனி வேலை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று படகில் இருந்த கருவியைப் பார்த்து அறிந்தவர்களுக்கும், கரையில் இருப்பவர்களோடு பேச வழி இல்லை. கரையைத் தாண்டிச் சில கிலோமீட்டரிலேயே செல்போன் டவர் எட்டாது. அதன் பிறகுதான், 2019 அக்டோபரில், ககன் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையை மீனவரின் போனுக்குக் கொண்டுவரும் 'ஜெமினி' என்ற கருவியை மத்திய அரசு அறிமுகம் செய்தது.

இரண்டு, அந்த அலை நம்மிடம் வரும்போது மிக மிக மெலிந்துவிடும். பழைய குண்டு பல்பு ஒன்றை இருபதாயிரம் கிலோமீட்டர் தள்ளி எரியவிட்டுப் பார்ப்பது மாதிரி. திறந்த வானத்தின் கீழ் கேட்கும். காங்கிரீட் கூரைக்குக் கீழே, உள் அறையில், சரியாகக் கேட்காது. அப்போது போன் சும்மா இருக்காது. பக்கத்து டவரை வைத்து, "இங்கே எங்கேயோ" என்று ஊகம் சொல்லும். வரைபடத்தில் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் தெரிகிறதே, அதன் பொருள் அதுதான். நீங்கள் அந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறீர்கள். நடுப்புள்ளியில் இருக்கிறீர்கள் என்று அது சொல்லவே இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அன்று அனுப்பியதைத் திறந்து பார்த்தேன். புள்ளி வாய்க்காலுக்கு அக்கரையில், ஒரு வயலின் நடுவில் விழுந்திருந்தது. டிரைவர் அதற்கு எவ்வளவு பக்கத்தில் சாலை இருக்கிறதோ அங்கே சரியாக வந்து நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அதே கட்டிலில் உட்கார்ந்து மறுபடி சோதித்தேன். அனுப்பும் பொத்தானுக்குக் கீழே சின்ன எழுத்தில் துல்லியம் 400 மீட்டர் என்று காட்டியது. வாசலில் இறங்கி நின்றேன். ஒரு நிமிடத்துக்குள் 60, 25, கடைசியில் 8 மீட்டர். அன்றைக்கும் அந்தச் சின்ன எழுத்து அங்கே இருந்திருக்கும். நான் படிக்கவில்லை. "கேள்வியை முழுசாப் படி"ன்னு உங்களை எத்தனை முறை திட்டியிருப்பேன்!

ஆகவே வீட்டுப்பாடம். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்கு வரும்போது கட்டாயம் செய்யுங்கள்.

1. பகலில், மழை இல்லாத நேரத்தில், வாசலில் வானம் தெரிய நின்று இடத்தைப் பிடியுங்கள். துல்லியம் 10, 15 மீட்டருக்குள் வரும்வரை பொறுங்கள்.

2. வரைபடத்தைச் செயற்கைக்கோள் படமாக மாற்றி, புள்ளி உங்கள் வீட்டுக் கூரைமேல்தானா என்று கண்ணால் பாருங்கள். பிறகு, வண்டி எந்தச் சாலையில் வரும், எங்கே நிற்கும் என்று பாருங்கள். வாய்க்கால், ரயில்பாதை, சாலைத் தடுப்பு குறுக்கே இருந்தால், வீட்டைவிடத் தெருமுனையைக் குறித்து வைப்பது நல்லது.

3. அந்த இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள். நம் ஊர் ஏறக்குறைய 11.4, 79.5. புள்ளிக்குப் பின் ஓரிலக்கம் இருந்தால் சுமார் 11 கிலோமீட்டர்வரை பிசகலாம். நான்கு இலக்கம் இருந்தால் 11 மீட்டர். ஐந்து இலக்கம் வரை எழுதுங்கள்.

4. அதை அப்பா, அம்மா, பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர் போனில் சேமியுங்கள். இதுபோன்ற பொதுப் பதிவில் போடாதீர்கள். எங்கள் வீட்டு எண்ணை நானும் இங்கே போடவில்லை.

5. ஒரு தாளில் அவசர எண், அந்த இரண்டு எண்கள், வாயால் சொல்லும் வழி மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். வழியில் இன்றைக்கு இருக்கும் அடையாளங்களை மட்டும் எழுதுங்கள். வருடத்துக்கு ஒரு முறை சரிபாருங்கள்.

6. எல்லாம் செய்தாலும், டார்ச்சோடு ஒருவர் தெருமுனைக்குப் போக வேண்டும். அன்று எங்களைக் காப்பாற்றியது அந்தப் பக்கத்து வீட்டுப் பையன்தான். வண்டிக்கு முன்னால் மழையில் ஓடியே வழி காட்டினான். பத்தாம் வகுப்பு படிக்கிறான். கணக்கு கொஞ்சம் மந்தம் என்று அவன் அம்மா சொல்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னிடம் வருகிறான்.

எங்கள் வீட்டுக் கதவில் தாளை ஒட்டிவிட்டேன். துணைவியார் கட்டிலில் இருந்தபடியே படித்துப் பார்த்துவிட்டு, "புளியமரத்தை எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். எடுத்துவிட்டேன்.

உங்களில் யாராவது இந்த வீட்டுப்பாடத்தை முடித்தால் கமெண்டில் "முடித்தேன் சார்" என்று போடுங்கள். வருகைப் பதிவேடு போலப் பெயர் பார்த்து டிக் போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
சேத்தியாத்தோப்பு