கணினிக்கும் ஒரு கருவறையா?

செருப்பைக் கழற்றி வாயிற்படிக்கு வெளியே விடவேண்டும். வரிசையாக உள்ளே நுழையவேண்டும். வாய் பேசக்கூடாது. உள்ளே வீற்றிருப்பதை அதற்கென்று அமைந்த ஒருவர் மட்டுமே தொடுவார். மற்றவர் எட்ட நின்று நோக்கிவிட்டு நகர்ந்துவிடவேண்டும்.

ஏதோ கோயிலைப் பற்றிக் கூறுகிறோம் என்றுதானே எண்ணினீர்கள்? இல்லை தோழர்களே, இல்லை! நாம் படித்த பள்ளியின் கணினி அறையைப் பற்றித்தான் கூறுகிறோம்.

ஆண்டு 1998. நாம் ஒன்பதாம் வகுப்பு மாணவர். பள்ளிக்கு மூன்று கணினிகள் வந்து இறங்கின. அவற்றுக்கெனத் தனி அறை, குளிரூட்டும் பொறி, துணிப் போர்வை! வாரத்திற்கொருமுறை ஆசிரியர் போர்வையை நீக்குவார். திரையில் ஒளி தோன்றும். நாற்பது கழுத்துகள் நீளும். எலி என்ற பெயருடைய கருவியை அவர் நகர்த்த, திரையிலே அம்புக்குறி நகரும். மணி அடிக்கும், போர்வை மூடும், தரிசனம் முடியும்! அந்த ஓராண்டில் நம் விரல் அந்த விசைப்பலகையில் பட்டது நான்கே நான்கு முறை.

அந்த நான்கு முறையும் எல்லோருக்கும் வாய்த்தனவா? இல்லை. கணினிக்கென்று தனிக் கட்டணம் கேட்டனர். கட்டியவர் உள்ளே, கட்டாதவர் வெளியே. வெளியே நின்றவர்களுள் நம் வகுப்புத் தோழி ஒருத்தி. அவளுடைய தாயார் அந்தப் பள்ளியைப் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தவர். மாலை நேரத்தில் மகளும் தாய்க்குத் துணையாகத் துடைப்பம் எடுப்பாள். கணினி அறையின் தூசியைத் துடைக்க அவள் உள்ளே செல்லலாம். கணினியைக் கற்கச் செல்லக்கூடாது! இப்படியும் ஒரு நியதி இருந்தது அந்தக் கல்விக்கூடத்தில்.

ஆயுத பூசை வந்தது. பெட்டிகளுக்குச் சந்தனம் பூசினர், குங்குமம் இட்டனர், எலுமிச்சம்பழத்தை நறுக்கி வைத்தனர். குங்குமம் விசைகளின் இடுக்கிலே கொட்டி, இரண்டு விசைகள் எழும்ப மறுத்துவிட்டன. மறுநாள் அதைத் துடைக்கச் சென்ற தோழி, விசை எழும்புகிறதா என்றறிய ஒன்றை அழுத்திப் பார்த்தாள். அதை ஒருவர் கண்டுவிட்டார். வகுப்பு முழுவதும் கேட்க அவளைக் கடிந்தார்: "கெட்டுப்போனால் உன் அம்மா சம்பளத்திலா பிடிப்பது?"

குங்குமம் கொட்டிக் கெடுத்தவரை எவரும் கேட்கவில்லை. துடைக்க வந்தவளைக் கேட்டனர். அவள் தலை கவிழ்ந்து நின்றாள். வீட்டுச் சுவரிலே பெரியார் படத்தை மாட்டி வைத்திருந்த நாம் என்ன செய்தோம்? வாய் மூடி அமர்ந்திருந்தோம். கட்டணம் கட்டியவர்களின் வரிசையில் அல்லவா நம் இடம் இருந்தது! அந்த மௌனம் இன்றும் நம் நெஞ்சை அறுக்கிறது. இதை எழுதச் செய்ததும் அதுதான்.

கருவறைக்குள் யார் நுழைவது என்ற கேள்வியைத் தன் இறுதி மூச்சுவரை எழுப்பியவர் பெரியார். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க 1970 டிசம்பரில் தமிழக சட்டமன்றம் சட்டம் இயற்றியது. வழக்குகளையும் தடைகளையும் கடந்து, பயிற்சி பெற்ற பல சாதியினரும் அர்ச்சகர் பணி ஆணை பெற 2021 ஆகஸ்ட் வரை காத்திருக்க நேர்ந்தது. கல்லுக்கு அருகே செல்லவே அரை நூற்றாண்டு! கல்விக் கருவிக்கு அருகே செல்லவும் அத்தனை காலமா?

"பிள்ளைகளிடம் கொடுத்தால் கெடுத்துவிடுவார்கள்" என்பர். டெல்லிக்குச் செல்வோம். 1999ஆம் ஆண்டு கல்காஜி பகுதியில், ஏழை மக்களின் குடியிருப்பை ஒட்டிய சுவரில் துளையிட்டு, ஒரு கணினியைப் பதித்து வைத்தார் சுகதா மித்ரா. ஆசிரியர் இல்லை, கட்டணம் இல்லை, காவல் இல்லை. ஆங்கிலம் அறியாத சிறுவர்கள் தாமே தட்டித் தடவி அதை இயக்கக் கற்றனர். சுவரே வழிவிட்டது; வகுப்பறைக் கதவு வழிவிட மறுக்கிறது!

ஆயினும் சுவரிலே பெட்டியைப் பதித்துவிட்டால் சமத்துவம் தானே வந்துவிடுமா? அந்தச் சோதனையைப் பற்றியும் ஒரு குறை கூறப்பட்டது: வலிய சிறுவர் முன்னே நின்றனர், சிறுமியர் பின்னே தள்ளப்பட்டனர். கதவைத் திறந்தால் போதாது. கடைசியில் நிற்பவரைக் கைபிடித்து முன்னே கொணரவும் வேண்டும்.

பெட்டிகளை வாங்கிக் குவித்தால் அறிவு பெருகிவிடும் என்பதும் ஒரு மூடநம்பிக்கையே. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2015இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளிக் கணினிகளுக்குப் பெரும்பொருள் செலவிட்ட நாடுகளில் மாணவரின் வாசிப்பும் கணக்கும் அறிவியலும் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்று கூறிற்று. பொறியைப் பூட்டி வைப்பது ஒரு மடமை. பொறியே குருவாகிவிடும் என்பது மற்றொரு மடமை.

பின் எதுதான் வழி? சீமோர் பேப்பர்ட் என்ற அறிஞரை நினைவூட்டுகிறோம். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், இளமையில் அந்நாட்டு நிறவெறியை எதிர்த்தவர். 1967இல் அமெரிக்காவில் தோழர்களுடன் சேர்ந்து குழந்தைகளுக்கென 'லோகோ' என்ற கணினி மொழியை ஆக்கினார். இத்தனை அடி முன்னே செல், இத்தனை பாகை திரும்பு என்று குழந்தை கட்டளையிட, ஆமை உருவம் ஒன்று நகர்ந்து கோடு வரையும். சதுரம் வரவில்லையா? எங்கே தவறு என்று குழந்தையே தேடும், திருத்தும். பொறி குழந்தையை ஆட்டுவிக்கக்கூடாது, குழந்தையே பொறியை ஆளவேண்டும் என்பது அவர் கொள்கை. ஏன், எதற்கு, எப்படி என்று கேட்கப் பழக்குவதற்குப் பெயர்தானே பகுத்தறிவு!

நம் மொழி அதற்கு இடந்தருமா என்று ஐயுறுவோரும் உண்டு. 1935இல் 'குடி அரசு' ஏட்டில் பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாண்டபோதும் நகைத்தவர் உண்டு. 1978இல் அரசே அதை ஏற்றது. 1999இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பாருங்கள். 'க' விசையைத் தட்டி 'இ' விசையைத் தட்டினால் 'கி' தோன்றும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாகும் இலக்கணமே விசையாகிவிட்டது. 247 எழுத்துகளையும் முப்பத்தோரு விசைகளில் அடக்கிவிடலாம். ஆனால் எத்தனை பள்ளிகளில் இதைக் கற்பிக்கின்றனர்?

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தமிழகத்தில் தொடங்கிற்று. கூலி வேலை செய்வோரின் குடிசையிலும் கணினி நுழைந்தது. கட்டணக் கதவை உடைத்த செயல் அது. எந்த ஆட்சியில் நடந்தால் என்ன, பாராட்டத்தான் வேண்டும்.

சென்ற ஆண்டு ஓர் அரசுப் பள்ளிக்குப் பேசச் சென்றோம். கணினிக்கூடம் இருந்தது. கதவிலே பூட்டும் இருந்தது! சாவியைத் தேடிக் கொணர்ந்தனர். திறந்தவுடன் மாணவர்கள் பாய்ந்து நாற்காலிகளைப் பிடித்தனர். மாணவியர் பின்னே நின்றனர். கல்காஜியின் காட்சி நம் கண்முன்! முறைவைத்து அமரச் சொன்னோம். ஒரு சிறுமி தன் பெயரைத் தமிழில் தட்டினாள். ஓரெழுத்துத் தவறி விழுந்தது. வெடுக்கெனக் கையை இழுத்துக்கொண்டு கேட்டாள்:

"கெட்டுப் போயிடுச்சா சார்?"

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தலை கவிழ்ந்து நின்ற தோழியின் முகம் நம்முன் நின்றது. "இல்லையம்மா. அழித்துவிட்டு மறுபடி எழுது. அதற்காகத்தானே இது இருக்கிறது!" என்றோம். எழுதினாள். அன்று வாய் திறக்காத கடனில் ஒரு காசு அடைந்தது.

இளைஞர்களே! உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். கணினி அறையின் சாவி யாரிடம் என்று கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் விரலும் வாரத்திற்கு எத்தனை நிமிடம் விசையில் படுகிறது என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கு முறை வருகிறதா, தமிழில் தட்டக் கற்பிக்கிறார்களா என்று கேளுங்கள். ஆயுத பூசையன்று குங்குமத்துடன் வருவோரிடம், கணினிக்கு வேண்டியது குங்குமமன்று, குழந்தைகளின் விரல்களே என்று எடுத்துச் சொல்லுங்கள்.

கேட்கத் தயங்காதீர்கள். நாம் ஒருமுறை தயங்கினோம். அதன் விலையை வேறொருத்தி கொடுத்தாள்.