உத்ரெக்ட் குளிரும் ஒழுகும் மூக்கும்

ஜனவரி மாதத்தில் உத்ரெக்ட் நகரில் காலை எட்டு மணிக்கு இன்னும் விடிந்திருக்காது. அந்த இருட்டிலேயே சைக்கிள் பாதையில் விளக்குகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். பெட்டி வைத்த சைக்கிளில் இரண்டு பிள்ளைகளை உட்காரவைத்து மிதிக்கும் அம்மா, கோட்டு போட்ட அலுவலக ஆள், எழுபது வயதைத் தாண்டிய பாட்டி. எல்லாருக்கும் ஒரு செய்கை பொது. ஒரு கை கைப்பிடியில், இன்னொரு கையின் கட்டைவிரல் மூக்கடியில். நெதர்லாந்துக்குப் போய் வந்தவர்கள் துலிப் மலர்களைப் பற்றியும் காற்றாலைகளைப் பற்றியும் சொல்வார்கள். இந்த மூக்கு விவகாரத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை.

வேலைக்காக இரண்டு குளிர்காலம் அங்கே இருந்தேன். சின்ன வயதில் எனக்கு இழுப்பு உண்டு. வளர்ந்த பிறகு அது பெரிதாகத் தொல்லை தரவில்லை என்றாலும், சிங்கப்பூரில் இருக்கும் அம்மாவுக்குப் பயம் மட்டும் போகவில்லை. “குளிர்ல சைக்கிள் எல்லாம் வேணாம்பா, பஸ்ல போ. நெஞ்சுல சளி கட்டிக்கிச்சுன்னா அங்க யாரு பாக்குறது?” என்று வாரம் தவறாமல் கேட்பார். பஸ் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்த ஊரில் சைக்கிள் இல்லாதவர் எத்தனை மாதம் இருந்தாலும் சுற்றுலாப் பயணிதான். நண்பர்கள் சந்திப்பது, சந்தைக்குப் போவது, திடீரென்று வழியை மாற்றிக்கொள்வது எல்லாமே இரண்டு சக்கரத்தில்தான் நடக்கிறது.

நான் தங்கியிருந்தது நகரின் மேற்கே, லெய்ட்ஸ ரெய்ன் என்ற புதிய குடியிருப்பில். அங்கிருந்து ரயில் நிலையம் போக ஆம்ஸ்டர்டாம்-ரைன் கால்வாயைக் கடக்க வேண்டும். 2017ல் திறந்த டாஃப்னே ஸ்கிப்பெர்ஸ் பாலம் அதற்காகவே கட்டியது. ஓட்டப்பந்தய வீராங்கனை ஒருவரின் பெயர். பாலத்தில் ஏறும் சாய்தளம் ஒரு பள்ளிக்கூடத்தின் கூரைமேல் வளைந்து போகிறது. கீழே பிள்ளைகள் படிக்கிறார்கள், மேலே நாம் மிதிக்கிறோம். இடப் பற்றாக்குறைக்கு நம் ஊரிலும் விடை தேடுகிறோம், இப்படி ஒன்று யாருக்கும் தோன்றவில்லையே என்று எனக்குப் பொறாமை.

தட்டையான ஊரில் அந்தப் பாலம்தான் மலை. மேலே ஏறியதும் கால்வாய்க் காற்று நேராக முகத்தில் அறையும். டச்சுக்காரர்களுக்கு எதிர்காற்று ஒரு விளையாட்டு. கடல் தடுப்பணை ஒன்றின்மேல், கியர் இல்லாத சாதாரண சைக்கிளில், புயல் காற்றை எதிர்த்து 8.5 கிலோமீட்டர் ஓட்டும் போட்டிகூட நடத்துகிறார்கள். எனக்கோ பாலத்தின் உச்சியில் கண் கலங்கும், மூக்கு ஒழுகும், தொண்டைக்குள் கெட்டியாக ஏதோ வந்து நிற்கும். இறங்கும்போது செருமிக்கொண்டே இறங்குவேன்.

இது சளி பிடித்ததால் வருவது இல்லை. காய்ச்சல், தும்மல் எதுவும் இல்லாத நாளிலும் வரும். காரணம் தண்ணீர்க் கணக்கு. நுரையீரலுக்குள் போகும் காற்று 37 டிகிரி சூட்டில், முழு ஈரத்தோடு இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 44 கிராம் நீராவி இருக்கும். சிங்கப்பூர்க் காற்றிலேயே 20 கிராமுக்கு மேல் இருப்பதால், நம் மூக்குக்குப் பாதி வேலைதான். 3 டிகிரிக் காற்றிலோ, மூடுபனி மூடிக் கிடந்தாலும், 6 கிராமுக்கு மேல் தங்காது. மீதியை மூக்கும் மூச்சுக்குழாயும்தான் ஊற்ற வேண்டும். வேகமாக மிதிக்கும்போது நிமிடத்துக்கு 50 லிட்டர் காற்றை இழுக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், 20 நிமிடத்தில் ஒரு கன மீட்டர். அதற்கு ஏறக்குறைய இரண்டரை மேசைக்கரண்டித் தண்ணீர் தேவை. அதனால்தான் குளிர் பட்டதும் மூக்குச் சுரப்பிகள் திறந்துகொள்கின்றன. வெளியே விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த மூக்கு நுனியில் துளியாகிறது. காற்று பட்டுக் கலங்கிய கண்ணீரும் மூக்கு வழியாகவே இறங்குகிறது. மூக்கு போதாமல் வாயால் மூச்சு வாங்கத் தொடங்கினால் தொண்டை காய்ந்து, இருக்கும் கோழை பசைபோல ஒட்டிக்கொள்ளும்.

கூட்டத்தோடு செருமுவதற்கு ஏற்ற இடம் ரயில் நிலையத்தின் அடியில் இருக்கும் சைக்கிள் நிறுத்தம். மூன்று தளம், 12,500 சைக்கிள், உலகிலேயே பெரியது என்கிறார்கள். உள்ளே மிதித்துக்கொண்டே போகலாம். கதகதப்பு பட்டதும் கண்ணாடி மங்கும், சுற்றிலும் ஆயிரம் மூக்குகள் உறிஞ்சும் சத்தம் கேட்கும். எனக்கு அங்கேதான் வேறொன்றும் தொடங்கியது. வண்டியை நிறுத்தி ஐந்து பத்து நிமிடத்தில் வறட்டு இருமல். நெஞ்சில் பிடிப்பு. ஒரு நாள் படியேறும்போது மூச்சோடு சேர்ந்து மெல்லிய விசில் சத்தம். சிறு வயதில் இரவெல்லாம் கேட்ட அதே சத்தம்.

அம்மாவிடம் சொல்லவில்லை. குடும்ப மருத்துவரிடம் போனேன். அந்த நாட்டு மருத்துவர்கள் எதற்கும் பாராசிட்டமால்தான் தருவார்கள் என்று வெளிநாட்டவர்கள் குறைபடுவார்கள். எனக்கு வாய்த்தவர் பொறுமைசாலி. குழாயில் ஊதச் சொன்னார், நிறையக் கேள்வி கேட்டார். மூக்கு ஒழுகுவதும் தொண்டையில் கோழை சேர்வதும் ஒன்று, நின்ற பிறகு இருமலும் விசிலும் வருவது வேறொன்று என்று பிரித்துச் சொன்னார். முதலாவது தொல்லை மட்டும்தான். இரண்டாவது, குளிர்ந்த உலர்காற்றில் மூச்சுக்குழாய் சுருங்குவது, அதை விட்டுவைக்கக் கூடாது. கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்பு இழுக்க இன்ஹேலர் எழுதித் தந்தார். சைக்கிளை விட வேண்டுமா என்று கேட்டேன். “எதற்கு? மெதுவாகத் தொடங்குங்கள், வாயை மூடுங்கள்” என்றார்.

வாயை மூடுவது என்றால் கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துவிடுவது. விட்ட மூச்சின் சூடும் ஈரமும் துணியில் தங்கி அடுத்த மூச்சோடு திரும்பி வரும். கொஞ்ச நேரத்தில் துணி நனைந்து அருவருப்பாகத்தான் இருக்கும், பையில் இன்னொன்று வைத்திருந்தேன். முதல் பத்து நிமிடம் மூக்கால் மட்டும் மூச்சுவிட முடிகிற வேகத்துக்கு மேல் போவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் முந்திக்கொண்டு போவார்கள், போகட்டும். குளிரில் தாகம் தெரியாது என்பதால் கிளம்பும் முன் ஒரு குவளை வெந்நீர். மூக்கடித் தோல் புண்ணாகாமல் இருக்க வாஸ்லின். குளிர்கால சைக்கிள் கையுறையில் கட்டைவிரல் பகுதி மட்டும் துண்டுத் துணிபோல மெத்தென்று இருக்கிறதே, அது மூக்கு துடைக்கத்தான் என்று கடைக்காரர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. துப்புவதைப் பொறுத்தவரை என் சிங்கப்பூர் வளர்ப்பு விடவில்லை. ஓரமாக நின்று, ஒரு பக்க நாசியை மூடி மறுபக்கத்தை மெதுவாகக் காகிதத்தில் சிந்திவிட்டுத்தான் போவேன்.

வீட்டு வைத்தியத்துக்கும் குறை இல்லை. பாலம் தாண்டி வரும் லொம்போக் வட்டாரத்தில், இந்தோனீசியத் தீவுகளின் பெயர் வைத்த தெருக்களுக்கு நடுவே, துருக்கியர், மொரோக்கியர் கடைகள். இஞ்சி கிடைக்கும், கொத்தமல்லி விதை கிடைக்கும். மாலையில் சுக்குமல்லிக் காப்பிக்கு அது போதும். நான் எதிர்பாராதது ‘த்ரொப்’ என்ற கறுப்பு மிட்டாய். டச்சுக்காரர்கள் பை பையாகத் தின்பார்கள். வாயில் போட்டதும் பாட்டியின் மருந்துப் பெட்டி வாசம், அது அதிமதுரம்! உப்புக் கரிக்கும் வகையில் நவச்சாரமும் சேர்க்கிறார்கள். அக்காலத்தில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசப் பயன்பட்ட அதே நவச்சாரம், இருமல் மருந்திலும் கோழை இளக்கச் சேர்ப்பது. தொண்டைக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் அதிமதுரம் மிஞ்சினால் இரத்த அழுத்தம் ஏறும், அழுத்தம் உள்ளவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது.

பாலைப் பற்றி மட்டும் அம்மாவும் மருத்துவரும் ஒத்துப்போகவில்லை. அலுவலகத்தில் மதியம் எல்லாருக்கும் ரொட்டி, சீஸ், ஒரு குவளை குளிர்ந்த பால். பால் சளியை உண்டாக்காது, உமிழ்நீரோடு கலந்து கெட்டியாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான் என்றார் மருத்துவர். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. நான் குடித்தேன்.

இரண்டாவது பிப்ரவரியில், கால்வாய் ஓரங்களில் மெல்லிய பனிக்கட்டி படிந்திருந்த ஒரு காலையில், பாலத்தின் உச்சியில் நின்று அம்மாவுக்குக் காணொளியில் காட்டினேன். துணிக்குள்ளிருந்து நான் பேசியது அவருக்குப் புரியவில்லை. “இருமல் இருக்கா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன், உண்மையாகவே. “சரி, காதையும் மூடிக்க” என்றார்.

ஏப்ரலில் குளிர் விட்டது, துணியை மடித்து உள்ளே வைத்தேன். அடுத்த வாரமே மூக்கு மறுபடியும் ஒழுகத் தொடங்கியது. இந்த முறை தும்மலோடு. பிர்ச் மரங்கள் மகரந்தம் விடும் மாதமாம், மருந்துக்கடையில் அதற்கென்று தனி அடுக்கே இருந்தது.